வாளியில் கலக்கும் கடல்: கடல்நீர்த் தொட்டியின் சோதனை எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

மீன் வளர்ப்பு நம்மவர்களுக்குப் புதிதன்று. தோட்டப்புற வீடுகளின் பின்புறத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டித் திலாப்பியாவும் கெளுத்தியும் வளர்த்த தலைமுறை ஒன்று உண்டு. பின்னர் தாமான் வீடுகளின் வரவேற்பறைக்கு அரோவானா வந்தது. இப்போது நம் இளைஞர் சிலரின் ஆர்வம் கடல்மீன்களின் பக்கம் திரும்பியிருக்கிறது. கோமாளி மீன், கடற்சாமந்தி, பவளம் என்று ஒரு சிறு கடலையே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும் ஆசை அது. செலவும் அதிகம், ஏமாற்றமும் அதிகம். மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும்போது அதன் உரிமையாளர் பெரும்பாலும் சொல்லும் சொல் ஒன்றுதான்: "தண்ணீரை டெஸ்ட் பண்ணினேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது."

அந்தச் 'சரி' எந்த அளவுக்குச் சரி என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்றும் பவளப்பாறைகளிலிருந்து பிடித்து வரப்படுபவை. பண்ணையில் பொரிக்கும் கோமாளி மீன் போன்றவை சிலவே. ஆகவே ஒரு தவறான எண்ணுக்கு விலை கொடுப்பது நம் பணப்பை மட்டுமன்று.

உள்நாட்டில் ஒரு கடல்

சிகாமட்டிலிருந்து மூவார் கடற்கரை நேர்கோட்டில் அளந்தாலே 50 கிலோமீட்டருக்கு மேல். கடல்நீர் வேண்டுமென்றால் மூவாருக்குப் போய்க் கேன்களில் பிடித்து வரலாமே என்று தோன்றும். ஆனால் சுங்கை சிகாமட் சுங்கை மூவாரில் கலக்கிறது. சுங்கை மூவார் கடலில் கலக்கிறது. நம் ஊர் மழையும் சேறும்தான் அந்த முகத்துவாரத்து உப்பை நீர்த்துப்போகச் செய்கின்றன! அங்கே அள்ளும் நீர் பவளப்பாறை நீராகாது. எனவே உள்நாட்டில் வாழும் நாம் செயற்கைக் கடலுப்பை வாங்கி, குழாய் நீரிலோ வடிகட்டிய நீரிலோ கலக்குகிறோம்.

சென்னை மெரினாவில் 1909-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மீன் காட்சியகத்துக்குக் கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. சந்தேகம் வந்தால் தொட்டி நீரை அருகிலுள்ள கடல்நீரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிகாமட்டில் அந்த வசதி இல்லை. வாளியில் நாம் கலக்கியது கடல்தானா என்பதற்குச் சாட்சி சோதனைப் பெட்டி ஒன்றே. சாட்சியே பிறழ்ந்தால் வழக்கு என்னாகும்?

'கடல்நீர்' என்றால் என்ன என்பதை உலகம் அறிந்த வரலாறு சுவையானது. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த 'சேலஞ்சர்' கப்பல் கொண்டுவந்த நீரிலிருந்து 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலார் பகுத்தாய்ந்தார். எந்தக் கடலாயினும் மொத்த உப்பின் அளவு கூடலாம், குறையலாம். ஆனால் குளோரைடு, சோடியம், மக்னீசியம், கால்சியம் போன்ற முக்கியக் கூறுகளின் விகிதம் ஏறத்தாழ மாறுவதில்லை என்பதை அவர் ஆய்வு உறுதிப்படுத்தியது. 1819-இலேயே மார்செட் என்பவர் இதைக் கூறியிருந்தார். இதன் பயன் பெரிது. ஒரே ஒரு கூறை அளந்தால் போதும், மற்றவற்றைக் கணக்கிட்டுவிடலாம். அடுத்த தலைமுறைக் கடலியலாளர்கள் குளோரைடை வெள்ளி நைட்ரேட்டால் தரம்பார்த்து உப்பளவைக் கண்டார்கள். உலகெங்கும் ஒரே அளவுகோல் இருக்கவேண்டும் என்பதற்காகக் கோப்பன்ஹேகனில் 'செந்தரக் கடல்நீர்' தயாரித்து, மூடி முத்திரையிட்ட கண்ணாடிக் குழாய்களில் ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். 1970களில் அந்தப் பணி இங்கிலாந்துக்கு மாறியது, இன்றும் தொடர்கிறது. உலகின் கடலியல் ஆய்வுக்கூடங்களே தங்கள் கருவியை நம்பாமல் ஒரு புட்டி நீரோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன என்பதை மனத்தில் கொள்வோம்.

மாறா விகிதம் திறந்த கடலுக்குத்தான் பொருந்தும். தொட்டியில் பவளங்கள் கால்சியத்தையும் காரத்தன்மையையும் உண்டு வளர்கின்றன. உப்பளவு அப்படியே இருக்க இவை இரண்டும் இறங்கும். ஆகவே தொட்டிக்கு ஓர் அளவீடு போதாது. இயற்கைக் கடல்நீரில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பும், 410 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியமும், 1,290 மில்லிகிராம் அளவில் மக்னீசியமும் உண்டு. காரத்தன்மை சுமார் 6.5 டி.கே.எச். பவளம் வளர்ப்போர் 7 முதல் 11 வரை வைத்துக்கொள்வது வழக்கம்.

உப்பளவு: முதல் பிழை இங்கேதான்

மற்ற எல்லா எண்களும் உப்பளவின் மேல் நிற்கின்றன. உப்பளவு பத்து விழுக்காடு குறைந்தால் கால்சியமும் மக்னீசியமும் அதே அளவு குறைவாகவே காட்டும். அப்போது கால்சியம் மருந்தை ஊற்றுவது, காய்ச்சல்காரனுக்குத் தலைவலித் தைலம் தேய்ப்பது போலத்தான்.

உப்பு புதிதாகக் கலந்த நீரை உடனே அளப்பதில் பொருளில்லை. நீரோட்டப் பம்பை ஓடவிட்டுச் சில மணி நேரமாவது கலங்கல் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். நம் நாட்டு ஈரக்காற்றில் திறந்த உப்புப் பை கட்டிதட்டிப் போகும். அதன் பின் பையில் எழுதியிருக்கும் 'லிட்டருக்கு இத்தனை கிராம்' என்ற கணக்கும் நில்லாது.

கடைகளில் கிடைக்கும் முள் ஆடும் பிளாஸ்டிக் திரவமானி மலிவானது. அந்த முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால் அது மேலே ஏறும். உப்புப் படிவு ஒட்டினால் கீழே இறங்கும். அதைவிடச் சிறந்தது ரிஃப்ராக்டோமீட்டர் எனப்படும் ஒளிவிலகல்மானி. ஆனால் இதிலும் இரண்டு கண்ணிகள் உள்ளன.

காய்ச்சி வடித்த நீரை விட்டுச் சுழியத்துக்குத் திருகிச் சரிசெய்துவிட்டு 'கருவி தயார்' என்று நினைப்பது முதல் கண்ணி. சுழியத்தில் சரியாக இருக்கும் அளவுகோல் 35-இலும் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை. நாம் அளக்கப்போவது 35-க்கு அருகில். ஆகவே சரிபார்க்க வேண்டியதும் அங்கேதான். இரண்டாம் கண்ணி நுட்பமானது. மலிவான மானிகள் பல கடல்நீருக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சோடியம் குளோரைடு உப்புநீருக்காகச் செய்யப்பட்டவை. உண்மையான 35 அளவுக் கடல்நீரை அவை ஏறத்தாழ 36.5 என்று காட்டும். கருவியில் 35 தெரியும்படி நீரைக் கலப்பவரின் தொட்டியில் இருப்பது 33.5-தான்.

இதற்கு மருந்து அடுக்களையிலேயே இருக்கிறது. உலர்ந்த சாப்பாட்டு உப்பு 36.5 கிராமை 963.5 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் கிடைக்கும் கரைசலின் ஒளிவிலகல் 35 அளவுக் கடல்நீருக்கு நிகரானது. அந்தக் கரைசலில் இரண்டு சொட்டு விட்டுக் கருவியை 35-க்குத் திருகி வைத்துக்கொள்ளலாம். கவனிக்க: இது ஒளிவிலகல்மானிக்கு மட்டுமே. மின்கடத்துதிறனால் அளக்கும் கருவிக்கு இக்கரைசல் உதவாது. அதற்குரிய செந்தரக் கரைசல் வேறு. அக்கருவியில் 35 அளவுக் கடல்நீர் 25 பாகையில் 53 மில்லிசீமன்ஸ் காட்ட வேண்டும்.

வெப்பநிலையையும் மறக்கக்கூடாது. 'தானியங்கி வெப்ப ஈடு' கொண்ட மானிகள் பெரும்பாலும் 10 முதல் 30 பாகை வரைதான் அந்த வேலையைச் செய்யும். சிகாமட்டின் பிற்பகலில் மின்விசிறி மட்டும் உள்ள அறை 30-ஐத் தாண்டுவது அபூர்வமன்று. காலையில் அளப்பதும், சொட்டு விட்டபின் அரை நிமிடம் பொறுப்பதும் செலவில்லாத திருத்தங்கள்.

கெஜித்துவானும் கெபெர்சிசானும்

படிவம் நான்கு இயற்பியலில் நாம் மனப்பாடம் செய்த சொற்கள் இங்கே உயிர்பெறுகின்றன. ஒரே நீரை மூன்று முறை சோதித்து மூன்று முறையும் 8.0 வந்தால் அது கெபெர்சிசான், அதாவது ஒருமைப்பாடு. உண்மை அளவு 6.5 ஆக இருந்தால் கெஜித்துவான், அதாவது மெய்யளவோடு பொருந்துதல், அங்கே இல்லை. காலாவதியான வினைபொருள் ஒவ்வொரு முறையும் ஒரே பொய்யைச் சொல்லும். பலர் "மூன்று தடவை பார்த்துவிட்டேன், அதே எண்தான்" என்று வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் நிறுவியது ஒருமைப்பாட்டை மட்டுமே.

ஆனால் ஒருமைப்பாடே இல்லாதவருக்கு மெய்யளவைப் பற்றிப் பேசத் தகுதியில்லை. எனவே கைவேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சோதனைக் குழாயைத் தொட்டி நீரால் இரண்டு முறை அலச வேண்டும். முந்தைய சோதனையின் எச்சம் அடுத்ததைக் கெடுக்கும். நீர் மட்டத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பிறைவளைவின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். குழாயில் வரைந்திருக்கும் கோட்டைவிட ஊசியில்லாத மருத்துவப் பீற்றுக்குழல் நம்பகமானது. 5 மில்லி எடுக்கவேண்டிய இடத்தில் அரை மில்லி தவறினால் விடை பத்து விழுக்காடு தவறும். சொட்டுக் குப்பியை நேர் செங்குத்தாகக் கவிழ்க்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் சொட்டின் பருமன் மாறும். முதல் சொட்டில் காற்றுக்குமிழி வந்தால் அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

ஒரு சொட்டுக்கு 1 டி.கே.எச். என்று கணக்கிடும் காரத்தன்மைச் சோதனையில் எளிய உபாயம் ஒன்றுண்டு. 5 மில்லிக்குப் பதில் 10 மில்லி நீர் எடுத்து, வந்த சொட்டுகளை இரண்டால் வகுத்தால் அரை அளவு வரை காணலாம். வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டின் கீழ் நாம் செய்த டைட்ரேஷன்தான் இது. முடிவுநிலை எந்த நிறமாற்றத்தில் என்பதை முதலிலேயே முடிவுசெய்து, எப்போதும் அதே இடத்தில் நிறுத்த வேண்டும்.

நிறத்தை வெண்ணிறப் பின்புலத்தில், பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பவளத் தொட்டியின் நீல விளக்கின்கீழ் மஞ்சளும் பச்சையும் ஒன்றுபோல் தெரியும். ஆண்களில் ஒரு சிலருக்கு இயல்பிலேயே சிவப்பு-பச்சை வேறுபாடு மங்கலாக இருக்கும். அவர்கள் வீட்டில் வேறொருவரைப் பார்க்கச் சொல்வது நல்லது. முடிவை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடக்கூடாது!

அம்மோனியாவும் நைட்ரேட்டும்

அம்மோனியாச் சோதனை காட்டுவது பெரும்பாலும் மொத்த அம்மோனியாவை. அதில் மீனைக் கொல்வது முக்கியமாக அயனியாகாத பகுதி. பி.எச். 7 உள்ள நன்னீரில் இப்பகுதி நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பி.எச். 8.2, வெப்பநிலை 28 பாகை உள்ள கடல்நீரில் நூற்றில் சுமார் எட்டு. அதாவது நன்னீர் மீன் வளர்த்த பழக்கத்தில் 'கொஞ்சம் பச்சை, பரவாயில்லை' என்று விடும் அதே எண் கடல்மீனுக்குப் பல மடங்கு கொடியது.

அந்தப் பச்சை உண்மையானதுதானா என்ற கேள்வியும் உண்டு. குழாய் நீரில் குளோரின் சேர்க்கிறார்கள். ஆற்றுநீரில் அம்மோனியா இருந்தால் அது குளோரினுடன் சேர்ந்து குளோரமினாகும். ஜொகூர்வாசிகளுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2019 ஏப்ரலில் சுங்கை சாயோங்கில் அம்மோனியா மாசு ஏற்பட்டு ஜொகூர் ஆற்றின் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டதை நாளிதழ்களில் படித்தோம். அது நம் சிகாமட் ஆறன்று என்றாலும், செம்பனைத் தோட்டங்களும் ஆலைகளும் சூழ்ந்த ஆறு எதுவானாலும் இந்தச் சாத்தியம் உண்டு. கடையில் விற்கும் 'ஆன்டி குளோரின்' குளோரமினை உடைக்கும்போது அம்மோனியா வெளிப்படும். அப்போது சோதனை காட்டும் பச்சை மெய்தான். ஆனால் அம்மோனியாவைக் கட்டிவைக்கும் வகை மருந்தை ஊற்றியிருந்தால், நெஸ்லர் வினைபொருள் கொண்ட பழையவகைச் சோதனை தவறான நிறம் காட்டக்கூடும். பாதரசம் கலந்த அவ்வகை கடல்நீரில் கலங்கவும் செய்யும். சாலிசிலேட் வகையையே வாங்குவது நல்லது. சந்தேகம் தீர ஒரு வழி: தொட்டிக்குப் போகுமுன் வாளி நீரைத் தனியே சோதித்து, அந்த எண்ணையும் எழுதி வைத்துக்கொள்வது.

நைட்ரேட் சோதனை நேரடியாக நைட்ரேட்டைக் காண்பதில்லை. அதைத் துத்தநாகத் தூள் போன்றவற்றால் நைட்ரைட்டாக மாற்றி, அதற்கு நிறமூட்டுகிறது. மாறுவது ஒரு பகுதிதான். நிறம் அதற்கேற்ப அளவிடப்பட்டுள்ளது. தொட்டியில் ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் அது முழுவதும் நிறமாகி, நைட்ரேட் மலைபோல் தெரியும். புதுத்தொட்டி முதிரும் அந்த நான்கைந்து வாரங்களில் நைட்ரேட் எண்ணைப் பார்த்துப் பதறுவது வீண். முதலில் நைட்ரைட் சோதனை, அது சுழியமானால் நைட்ரேட் என்பதே முறை. தூள் அடியில் தங்கும் குப்பியைச் சொன்ன அளவு வினாடிகள் பலமாகக் குலுக்காவிட்டால் நைட்ரேட் இல்லவே இல்லை என்று சோதனை நற்செய்தி சொல்லும்!

அலகையும் பார்க்க வேண்டும். சில சோதனைகள் நைட்ரேட்டாகவும் சில நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனாகவும் சொல்லும். இரண்டாவதை 4.43-ஆல் பெருக்கினால்தான் முதலாவது. நண்பர் ஒருவரின் தொட்டியில் 10, இன்னொருவருடையதில் 44 என்றால் இரண்டும் ஒரே நீராகவும் இருக்கலாம்.

சோதனையைச் சோதித்தல்

கடைசியில் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கிறது. ஒரு சோதனைப் பெட்டியை நம்பலாமா என்பதை அறிய, விடை தெரிந்த நீரை அதற்குக் கொடுத்துப் பார்ப்பதே வழி. இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை.

காரத்தன்மைக்கு: தூய சோடியம் பைகார்பனேட், அதாவது நம் வீட்டு ஆப்பச்சோடா, 8.4 கிராம் எடுத்துக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 1 லிட்டராக்குங்கள். அதிலிருந்து 25 மில்லியை எடுத்து மீண்டும் 1 லிட்டராக்கினால் அதன் காரத்தன்மை லிட்டருக்கு 2.5 மில்லிசமானம், அதாவது 7 டி.கே.எச். உங்கள் சோதனை 7 காட்டினால் மகிழ்ச்சி. 8.5 காட்டினால் அந்தப் பெட்டி ஒவ்வொரு முறையும் உங்களுக்கு 1.5 கூட்டிச் சொல்லியிருக்கக்கூடும். அடுக்களைத் தராசு ஒரு கிராம் வரைதான் காட்டும், 0.1 கிராம் காட்டும் சிறு தராசு தேவை. பேக்கிங் பவுடரைப் பயன்படுத்தக்கூடாது. அது அமிலம் கலந்த வேறு பொருள்.

நைட்ரேட்டுக்கு: நம் வேதியியல் துறை மாணவர்களுக்கு எட்டும் பொருள்தான் பொட்டாசியம் நைட்ரேட். 1.63 கிராமை 1 லிட்டர் நீரில் கரைத்தால் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் நைட்ரேட். அதில் 10 மில்லியை 1 லிட்டராக்கினால் 10 மில்லிகிராம். ஆனால் தூய நீரில் சரியாக வேலை செய்யும் சோதனை உப்புநீரிலும் செய்யும் என்று சொல்லிவிட முடியாது. எனவே ஆய்வகத்தார் கையாளும் 'கூட்டிப் பார்க்கும்' முறையை நாமும் செய்யலாம். முதலில் தொட்டி நீரைச் சோதியுங்கள். பின் அதே நீர் 100 மில்லியில் அந்த 1,000 அளவுக் கரைசல் 1 மில்லி சேர்த்து மறுபடியும் சோதியுங்கள். எண் ஏறத்தாழ 10 கூட வேண்டும். 5-இலிருந்து 15 ஆனால் உங்கள் சோதனை கடல்நீரிலும் பார்வை தெளிவாக இருக்கிறது. 5-இலிருந்து 8 ஆனால் அதைக் குப்பையில் போடலாம்.

புதுப்பெட்டி வாங்கும்போது ஒருமுறையும், பாதிக் குப்பி தீர்ந்தபின் ஒருமுறையும் இப்படிப் பார்த்தால் போதும். நம் வெப்பத்தில் வினைபொருள்கள் பெட்டியில் போட்ட தேதிக்கு முன்பே கெடுவதுண்டு. தொட்டிக்குக் கீழுள்ள அலமாரி விளக்கின் சூடும் உப்பு ஈரமும் சேரும் இடம். அங்கே வைக்காமல் அறையின் குளிர்ந்த மூலையில் வையுங்கள்.

பி.எச். பற்றி ஒரு சொல். இது நாள் முழுதும் மாறும். இரவில் பாசியும் பவளமும் ஒளிச்சேர்க்கை செய்யாததால் கரியமிலவாயு கூடி, விடியுமுன் பி.எச். அடிமட்டத்துக்கு இறங்கும், மாலையில் உச்சத்துக்கு ஏறும். சன்னல் அடைத்த குளிர்சாதன அறையில் நாலு பேர் அமர்ந்து பேசினாலே சற்று இறங்கும். திங்கட்கிழமை காலை எண்ணையும் வெள்ளிக்கிழமை மாலை எண்ணையும் ஒப்பிட்டு 'உயர்ந்துவிட்டது' என்பது தவறு. மின்முனைக் கருவியைப் பி.எச். 7, 10 தாங்கல் கரைசல்களால் மாதம் ஒருமுறையாவது திருத்த வேண்டும். திறந்த 10-ஆம் கரைசல் காற்றின் கரியமிலவாயுவை உறிஞ்சிக் கெடும் என்பதால் ஊற்றியதைப் புட்டிக்குத் திருப்பி ஊற்றக்கூடாது. மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைப்பவர்கள் அதன் ஆயுளைக் குறைக்கிறார்கள்.

இனி, ஒரு நாள் விபரீதமான எண் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நேற்று 8 ஆக இருந்த காரத்தன்மை இன்று 5. மீன்கள் வழக்கம்போல் மேய்கின்றன, பவளம் விரிந்திருக்கிறது. கை தானாக மருந்துப் புட்டியை நோக்கிப் போகும். முதலில் குழாயைக் கழுவிவிட்டு மீண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும். அதே எண் வந்தால் 7 டி.கே.எச். கரைசலைச் சோதிக்க வேண்டும். அதிலும் எண் இறங்கியிருந்தால் கெட்டது நீரன்று, பெட்டி. அப்போது மருந்து ஊற்றியிருந்தால் 8 ஆக இருந்த நீர் 11 ஆகியிருக்கும். ஒரே நாளில் அப்படி ஏறினால் பவளத்தின் நுனி வெளுத்து உரியும். மாறாக, மீன் மூச்சு வாங்கி மேற்பரப்பில் நின்றால் சோதனையை நம்பிக் காத்திருக்கக்கூடாது. முன்கூட்டியே கலந்து வைத்த நீரில் கால்பங்கு மாற்றிவிட்டுப் பிறகு சோதிக்கலாம். உப்பளவும் வெப்பமும் பொருந்திய நல்ல நீரை மாற்றுவது எந்தச் சோதனை பொய்த்தாலும் கெடுதல் செய்யாத சிகிச்சை என்பது என் கருத்து.

ஓர் ஐம்பது காசுக் குறிப்பேடு போதும்: தேதி, நேரம், வெப்பநிலை, எண், எந்தப் பெட்டி, எப்போது திறந்தது. புதுப்பெட்டி மாற்றிய நாளுக்கு ஒரு சிவப்புக் கோடு. எண்கள் அந்தக் கோட்டருகில் துள்ளினால் காரணம் தெரிந்துவிடும். வசதியுள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஐ.சி.பி. முறையில் பகுத்தாயும் வெளிநாட்டு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம். கால்சியம், மக்னீசியம் முதல் செம்பு வரை பல தனிமங்களை அது ஒரே நேரத்தில் சொல்லும், அம்மோனியா, பி.எச். போன்று வழியிலேயே மாறிவிடுபவற்றுக்கு அது உதவாது. மாதிரியை அனுப்பும் அன்றே அதே நீரை வீட்டுப் பெட்டியாலும் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதிவைத்தால், ஆய்வக முடிவு வரும்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.